பதினாலு மாடிக்குப் பின்னால் ஓர் இன்ஷூரன்ஸ் கதை

அண்ணா சாலையில் போகும் பஸ்ஸில் கண்டக்டர் "எல்லைசி எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுப்பார். இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இன்ஷூரன்ஸோடு எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஒருவர் மொபைல் ரிப்பேருக்குப் போவார், இன்னொருவர் தேவி தியேட்டருக்கு. எல்.ஐ.சி. என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே மறந்துபோய், அது ஓர் இடத்தின் பெயராகிவிட்டது. 2019 பிப்ரவரியில் சுரங்க மெட்ரோ இந்தப் பக்கம் திறக்கப்பட்டபோது நிலையத்துக்கும் அதே பெயர்தான் வைத்தார்கள். வேறு எது வைத்திருந்தாலும் யாரும் சொல்லப்போவதில்லை.

சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 54 மீட்டர், அதாவது 177 அடி. பழைய மகாபலிபுரம் சாலையில் 100 மீட்டரைத் தாண்டிய அடுக்குமாடிகள் இருக்கும்போது இது பெரிய உயரமே இல்லை. புத்தகங்களில் 15 தளம் என்று இருக்கும். ஊர் வாயில் அது 'பதினாலு மாடி'. இரண்டும் முரண் இல்லை. தரைத்தளத்தை மாடி என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. தரைக்கு மேல் ஏறினால்தான் மாடிக் கணக்கே ஆரம்பிக்கும்.

1959 ஆகஸ்ட் 23 அன்று இதைத் திறந்து வைத்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் இதுதான். இரண்டு வருஷம்தான் அந்தப் பெருமை. 1961-இல் பம்பாயின் உஷா கிரண் வந்து அதைப் பறித்துக்கொண்டது. ஆனால் சென்னையில் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் இதன் பக்கத்தில் நிற்க எதுவும் வரவில்லை. அதற்கு முன் இந்த ஊரில் அண்ணாந்து பார்க்க இருந்தவை எவை? கபாலீசுவரர் கோயில் கோபுரம், அது சுமார் 120 அடி. சாந்தோம் தேவாலயத்தின் கூர்முனை. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கம். சாமிக்கும் சட்டத்துக்கும் கப்பலுக்கும்தான் உயரம் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆபீஸுக்கு, அதுவும் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு, எதற்கு இவ்வளவு உயரம்?

இந்தக் கேள்வி சென்னைக்கு மட்டும் உரியதல்ல. உலகின் முதல் வானளாவி என்று பலரும் குறிப்பிடுவது 1885-இல் சிகாகோவில் எழுந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1909-இல் நியூயார்க்கில் உலகின் மிக உயரமான கட்டடமாக நின்றது மெட்ரோபாலிடன் லைஃப் கோபுரம். அதுவும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம்தான். 1955-இல் சிங்கப்பூரின் மிக உயரமான கட்டடம் ஏஷியா இன்ஷூரன்ஸ். ஊர் மாறினாலும் தொழில் மாறவில்லை.

காரணம் அந்தத் தொழிலின் பணப்புழக்கத்தில் இருக்கிறது. 25 வயதில் ஒருவர் பாலிசி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுவார். நிறுவனம் திருப்பித் தரவேண்டியது முப்பது வருஷம் கழித்து. நடுவில் அந்தப் பணம் சும்மா கிடக்கக் கூடாது, தொலைந்தும் போகக் கூடாது. அரசுக் கடன் பத்திரம் ஒரு வழி, நகரின் நடுவில் நிலமும் வாடகைக் கட்டடமும் இன்னொரு வழி. இதற்கு மேல் ஒரு விஷயம் உண்டு. காப்பீட்டு நிறுவனம் விற்பது வெறும் வாக்குறுதி. கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருளும் கிடையாது. 'நீ செத்த பிறகு உன் குடும்பத்துக்குப் பணம் தருவோம்' என்று சொல்கிறவன் அன்றைக்கு இருப்பானா என்பதுதான் வாங்குகிறவரின் பயமே. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல மவுண்ட் ரோட்டில் (அண்ணா சாலையின் பழைய பெயர்) ஓங்கி நிற்கும் ஒரு கட்டடத்தைவிட நல்ல ஏஜென்ட் கிடைக்கமாட்டார்.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். செட்டிநாட்டு வட்டித்தொழில் மரபில் வந்தவர். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவரே. முதல் நாளே காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் கிளை திறந்த வங்கி அது. அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் யுனைடெட் இந்தியா லைஃப். அதற்கான தலைமையகமாகத்தான் 1953-இல் இந்தக் கட்டடத்தின் வேலை ஆரம்பித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது ஒரு பயணிகள் விமானம் விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது. இறந்தவர்களில் செட்டியாரும் ஒருவர்.

வேலை நிற்கவில்லை. வரைபடம் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மூலின் என்ற இரு கட்டடக் கலைஞர்களுடையது. நியூயார்க்கில் ஐ.நா. தலைமைச் செயலகம் எழுந்து அதிக நாள் ஆகாத காலம். நிறுத்தி வைத்த தீப்பெட்டி மாதிரி மெல்லிய, நெட்டையான அந்த உருவத்தின் சாயலை இதிலும் பார்க்கலாம். 1957-இல் அந்த இருவரும் விலக, மீதி வேலையை முடித்துக் கொடுத்தவர் சென்னையின் எல்.எம். சித்தாலே. கட்டியது முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் எஞ்சினீயரிங்.

வேலை நடந்துகொண்டிருந்தபோதே கட்டடத்தின் சொந்தக்காரர் மாறிவிட்டார். அது ஏன் என்று பார்க்க, அதே மவுண்ட் ரோட்டில் நடக்கும் தூரத்தில் இருக்கும் இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டும்.

1897-இல் டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து நிறுவனம் தனக்காக ஒரு மாளிகை கட்டிக்கொண்டது. கூரிய கோபுரங்கள், வளைவுகள், சிவந்த செங்கல் என்று இந்தோ சாரசெனிக் பாணி. கார்டைல் பில்டிங் என்று பெயர். 1934-இல் இதை பாரத் இன்ஷூரன்ஸ் வாங்கியது. அன்றுமுதல் அது பாரத் இன்ஷூரன்ஸ் பில்டிங். லாகூரில் பிறந்த அந்த நிறுவனம் பிறகு தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவின் கைக்குப் போனது.

1955 டிசம்பரில் மக்களவையில் பெரோஸ் காந்தி எழுந்து பாரத் இன்ஷூரன்ஸில் பாலிசிதாரர்களின் பணம் எப்படிக் கையாடப்பட்டது என்று விவரமாகப் பேசினார். ஆளும் கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன் வேறு. டால்மியா பின்னால் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். பேச்சு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1956 ஜனவரி 19 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஆயுள் காப்பீட்டுத் தொழில் மொத்தமும் அரசின் கைக்கு மாறியது. உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள், சிறு சேமநிதிச் சங்கங்கள் என்று 245 அமைப்புகள். அவற்றை ஒன்றாக்கி அதே வருஷம் செப்டம்பர் 1 அன்று பிறந்ததுதான் எல்.ஐ.சி. பெரோஸ் காந்தியின் பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு நீண்டகாலப் பணம் தேவைப்பட்டது. அரசும் யோசித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வத்திப்பெட்டியை எடுத்துக் கொடுத்தது பாரத் இன்ஷூரன்ஸ் விவகாரம்.

ஆக, ஒழுங்காக நடந்துகொண்டிருந்த யுனைடெட் இந்தியாவின் பாதி கட்டிய கோபுரமும், மாட்டிக்கொண்ட பாரத் இன்ஷூரன்ஸின் பழைய மாளிகையும் ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்தன. மவுண்ட் ரோட்டில் நடக்கிறவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்கள் என்று தெரிய வழியில்லை.

திறப்பு விழாவிலும் ஒரு விட்டகுறை உண்டு. எல்.ஐ.சி. மத்திய நிதி அமைச்சகத்தின் கீழ் வருவது. அதனால் திறந்து வைக்க வேண்டியவர் நிதி அமைச்சர். 1957-இல் அந்தப் பதவியில் இருந்தவர் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலை என்று பெயர் இருக்கிறதே, அவர்தான். சொந்த ஊரில் நாட்டின் மிக உயரமான கட்டடத்தைத் திறந்து வைக்கும் வாய்ப்பு அவருக்கு இருந்திருக்கும். நடுவில் முந்த்ரா ஊழல் வந்தது. கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நலிந்த கம்பெனிப் பங்குகளில் எல்.ஐ.சி. 1.24 கோடி ரூபாயைக் கொட்டியது. நாடாளுமன்றத்தில் அதைக் கிளப்பியதும் அதே பெரோஸ் காந்திதான். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அடுத்த மாதம் நிதி அமைச்சரான மொரார்ஜி தேசாய்தான் மறுவருஷம் சென்னை வந்து கட்டடத்தைத் திறந்து வைத்தார்.

கட்டடத்துக்கு ஆன செலவு சுமார் 87 லட்சம் ரூபாய். முந்த்ராவின் பங்குகளுக்குப் போன பணத்தைவிடக் குறைவு.

சரி, கட்டடத்துக்கு வருவோம். உயரத்தை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் எலும்பு. அதுவரை மவுண்ட் ரோட்டை ஆண்டது செங்கல்லும் சுண்ணாம்பும். தேக்கு உத்தரங்களைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரை பூசும் தளத்துக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர். அருமையான தளம். சித்திரை வெயிலிலும் கீழே உட்காரலாம். ஆனால் அந்த முறையில் பாரம் முழுவதையும் சுவர்தான் தாங்க வேண்டும். மாடி ஏற ஏற அடிச்சுவர் தடித்துக்கொண்டே போகும். சிகாகோவில் 1891-இல் செங்கல் சுவர்மேல் 16 தளம் கட்டிய மோனட்நாக் கட்டடத்தில் தரைத்தளச் சுவரின் தடிமன் ஆறடி. மவுண்ட் ரோட்டில் அப்படி ஒன்று கட்டியிருந்தால் கடை போட வேண்டிய இடத்தைச் சுவரே தின்றிருக்கும்.

கம்பி கட்டிய கான்கிரீட்டில் பாரம் தூணுக்கும் உத்தரத்துக்கும் போய்விடுகிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். இரும்புக் கம்பி இழுவிசையைத் தாங்கும். இரண்டையும் சேர்த்து வார்த்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும். அப்புறம் சுவருக்கு வேலை வெயிலையும் மழையையும் தடுப்பது மட்டும்தான். எனவேதான் எல்.ஐ.சி. கட்டடத்தில் மேலிருந்து கீழ்வரை அத்தனை ஜன்னல்கள் வைக்க முடிந்தது. இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காலம் முடிந்து கான்கிரீட் காலம் தொடங்கியதற்கு அடையாளமாக இதைத்தான் சொல்வார்கள். இன்றைக்கு எந்தத் தெருவிலும் சென்ட்ரிங் பலகையும் கம்பி கட்டும் ஆளும் சாதாரணக் காட்சி. நாலு வருஷக் கடனில் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்புகிறவரும் இதே வித்தையைத்தான் சின்ன அளவில் செய்கிறார்.

அந்த எலும்புக்குச் சோதனை 1975 ஜூலை 11 அன்று வந்தது. பெரிய தீ விபத்து. காகிதம் நிறைந்த ஆபீஸ். கோப்பும் மர அலமாரியும் எரிய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கட்டடம் விழவில்லை. பழுது பார்த்து மறுபடி குடியேறினார்கள். கம்பியைச் சுற்றி இருக்கும் கான்கிரீட் உறைதான் இங்கே காப்பாற்றுவது. சூடு உள்ளே ஊடுருவ நேரம் எடுக்கும். அதற்குள் மேசை நாற்காலிகள் எரிந்து தீர்ந்துவிடும். வெறும் இரும்பு உத்தரம் என்றால் சூட்டில் வளைந்துவிடும். மர உத்தரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1983-இல், கொஞ்ச தூரத்தில் ஸ்பென்சர் எரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களுக்குச் சீமைச் சரக்கு விற்ற பெரிய கடை, அதன் அழகான பழைய கட்டடம். அது மிஞ்சவில்லை. அந்த இடத்தில்தான் இப்போதைய ஸ்பென்சர் பிளாசா. இரண்டு வருஷம் கழித்து, 1985-இல், சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டும் போனது. அந்தப் பத்து வருஷங்களில் ஊரின் மூன்று முகங்களைத் தீ தொட்டது. கான்கிரீட் முகம் மட்டும் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றது. 2023 ஏப்ரலில் மொட்டை மாடியில் இருந்த பெயர்ப்பலகை தீப்பிடித்தபோது டிவிக்காரர்கள் ஓடிவந்தார்கள், போன்களில் வீடியோ பறந்தது. சீக்கிரமே அணைத்துவிட்டார்கள்.

கட்டடத்தை விட்டு வடக்கே கோட்டைப் பக்கமாக நடந்தால் மவுண்ட் ரோட்டின் பழைய அடுக்குகள் ஒவ்வொன்றாக வரும். கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போன பாதை இது. மலைக்குப் போனதால் மவுண்ட் ரோடு. 1969-இல் அண்ணா மறைந்த பிறகு அண்ணா சாலை. அரசாங்கம் பெயர் மாற்றி அரை நூற்றாண்டு தாண்டியும் இரண்டு பெயரும் ஒரே வாக்கியத்தில் புழங்குகின்றன; யாருக்கும் குழப்பமில்லை.

ஹிக்கின்பாதம்ஸ் 1844-இல் தொடங்கிய புத்தகக் கடை. இப்போதைய கட்டடத்துக்கு வந்தது 1904-இல். நாட்டில் இன்றும் நடக்கும் புத்தகக் கடைகளில் மிகப் பழையது. உள்ளே நுழைந்ததும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கூரை எங்கோ உயரத்தில் இருக்கும். மின்விசிறி வராத காலத்தில் சூட்டை மேலே அனுப்ப அவ்வளவு உயரம் தேவைப்பட்டது. அதே உயரத்தில் இன்று கட்டினால் நடுவே இன்னொரு தளம் சொருகி வாடகைக்கு விட்டுவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் பி. ஓர் அண்ட் சன்ஸ், கடிகாரக் கோபுரத்தோடு. 1870-களில் இதை வரைந்தவர் ராபர்ட் சிஸ்ஹோம். செனட் ஹவுஸும் இவருடையதுதான். கைக்கடிகாரம் எல்லோரிடமும் இல்லாத காலத்தில் தெருவுக்கே மணி காட்டிய கோபுரம் அது.

அப்புறம் வாலாஜா சாலை முனையில் அண்ணா சிலை, விரலை நீட்டியபடி; 1968-இல் அவர் முதலமைச்சராக இருந்தபோதே வைத்தது. சிலையைத் தாண்டினால் தி இந்து அலுவலகம், சிம்சன். கடைசியில் தீவுத்திடலில் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் தாமஸ் மன்றோ, 1839 முதல்.

சாப்பாட்டையும் சினிமாவையும் விட்டால் இந்தச் சாலையைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. சிக்கன் 65 தங்களிடம்தான் பிறந்தது என்று சொல்லும் புகாரி 1951 முதல் இங்கே இருக்கிறது. சாந்தி, ஆனந்த் தியேட்டர்கள் இப்போது இல்லை. தெற்கே ஜெமினி பக்கம் இருந்த சஃபையர் வளாகமும் இல்லை. அங்கே புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்காரலாம். மதிய வெயிலுக்கு ஏசி தேடி வந்தவர்களும் அதில் உண்டு. தேவி மட்டும் 1970-இல் இருந்து தாக்குப்பிடிக்கிறது.

சினிமா எல்.ஐ.சி.க்கும் ஒரு வேலை கொடுத்தது. நாயகன் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்துவிட்டான் என்று சொல்ல இரண்டு ஷாட் போதும்: சென்ட்ரல் ஸ்டேஷன், எல்.ஐ.சி. கட்டடம். கேமரா கீழிருந்து மேலே ஏறும். மஞ்சப்பையோடு நிற்கும் ஆள் வாயைப் பிளப்பான். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குச் சென்னை என்றாலே இந்த ஜன்னல் வரிசைதான்.

இனி கார்டைல் பில்டிங்கின் கதை பாக்கி. 2006-இல் அதை இடிக்க முடிவு செய்தது எல்.ஐ.சி. பாழடைந்துவிட்டது, ஆபத்து என்பது அவர்கள் வாதம். பாழடைய விட்டது யார் என்பது பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் கேள்வி. இடிப்பு வேலை தொடங்கியிருந்தது. இன்டாக் உயர் நீதிமன்றத்துக்குப் போய் நிறுத்தியது. 2010-இல் வந்த தீர்ப்பு கட்டடத்தைக் காப்பாற்றியது. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலுக்கு மதிப்பு கொடுத்து, இப்படிப்பட்டவற்றைக் கவனிக்க ஒரு குழு வேண்டும் என்றும் சொன்னது. சென்னையில் பழைய கட்டடத்துக்காக யார் நீதிமன்றம் போனாலும் இந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

எல்.ஐ.சி.யின் சின்னத்தில் விளக்குச் சுடரை இரண்டு கைகள் பொத்திக் காக்கும். அந்தச் சின்னம் பொறித்த பதினாலு மாடிக்குத் தீப்பிடித்த பிறகு செலவு செய்து சீரமைத்தார்கள். அதே நிறுவனத்தின் கையில் இருந்த 1897-இன் மாளிகை, எந்தத் தீயும் தொடாமலே உதிர்ந்தது. நீதிமன்றத்தால் இடிப்பதைத் தடுக்க முடிந்தது. கொத்தனாரை அனுப்பி வைக்க முடியவில்லை. மவுண்ட் ரோட்டில் போகும்போது தகரத் தடுப்புக்குப் பின்னால் அதன் கூர்முனைகள் தெரியும். செங்கல் இடுக்கில் செடி முளைத்திருக்கும். பஸ் அங்கே மெதுவாகும். அதற்குள் கண்டக்டர் எல்லைசிக்குக் குரல் கொடுத்துவிடுவார்.